உடலும் புழுவும் செய்துகொண்ட உடன்படிக்கை

உடம்பை ஒரு கோட்டைக்கும் நோயைப் பகைவர் படைக்கும் ஒப்பிட்டுப் பேசுதல் நெடுநாளைய வழக்கம். பெரியம்மை, தட்டம்மை, வாந்திபேதி முதலியவற்றைக் குறித்தவரை அவ்வுவமை பெரும்பாலும் பொருந்தியே நிற்கின்றது. பகைவர் திரண்டு வருகின்றனர், போர் மூள்கின்றது, சில நாட்களிலே கோட்டை வீழும், அன்றேல் பகைவர் மடிவர். வென்ற கோட்டை அப்பகைவரின் முகத்தை எளிதில் மறவாது. ஒருமுறை தட்டம்மை கண்ட குழந்தையை மறுமுறை அது தீண்டாமைக்கு அந்நினைவே காரணம். ஆயின், குடலினுள்ளும் குருதியினுள்ளும் ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கும் புழுக்களைக் குறித்து எண்ணப் புகுவோமாயின் இவ்வுவமை ஒரு கணமேனும் நில்லாது. அங்கே பகைவன் கோட்டைக்குள்ளேயே உண்டு, உறங்கி, மக்களைப் பெற்று வாழ்கின்றான். காவலர் அவனைக் கண்டும் காணாதார்போல் உலவுகின்றனர். இது காவலரின் சோம்பலா, பகைவனின் மாயமா, அன்றி இருவரும் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். உடன்படிக்கையே என்பது எமது கருத்து. அவ்வுடன்படிக்கைக்கு உரிய வரியை நம் நாட்டுப்புறத்து ஏழையர், அவருள்ளும் பெண்டிர், தம் குருதியால் இறுத்து வருகின்றனர் என்பதும் எமது கருத்து.

திண்டுக்கல்லினின்று திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது வடமதுரை. அங்குள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயிலை அறிந்தோர் பலர். ஊரைச் சூழ்ந்த செம்மண் நிலத்தில் உழைப்போரின் வெறுங்காலை உற்று நோக்கினோர் சிலரே. மானாவாரிக் காட்டிற் சோளமும் கடலையும், கிணற்றுப் பாய்ச்சலுள்ள தோட்டங்களில் தக்காளியும் கத்தரியும் பூவும் விளையும் சமவெளி அது. வெயிலிற் காய்ந்து வெடித்த மானாவாரி மண்ணிலே கொக்கிப்புழுவின் குஞ்சு நெடுநாள் பிழைத்திராது. வாய்க்கால் ஓரத்து நிழலும் ஈரமும் உள்ள தோட்டத்திலோ அது வாரக்கணக்காகக் காத்துக் கிடக்கும். வடமதுரைப் பக்கம் பிற பக்கங்களினும் இவ்வகையிற் கெட்டது என்று யாம் சொல்ல வரவில்லை. வெறுங்காலும், ஈர மண்ணும், காட்டுவெளியில் மலங்கழிக்கும் வழக்கமும் எங்கே ஒன்று கூடினும் அங்கே இப்புழு வாழும். இம்மூன்றையும் நாம் நாள்தோறும் காணத்தக்க இடம் இது என்பதனால் இதனைக் குறித்தோம்.

இப்புழு உடலுட் புகும் வழியைக் கண்டறிந்த கதை வேடிக்கையானது. எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரத்தில் ஆர்தர் லூஸ் என்னும் செருமானிய அறிஞர் புழுக்குஞ்சுகள் நிறைந்த நீரை 1898 ஆம் ஆண்டிற் கையாண்டபோது ஒரு துளி அவர் கையிற் சிந்திற்று. சிந்திய இடம் சிவந்து ஊறல் எடுத்தது. துடைத்துப் பார்த்தார், நீரிருந்தது, குஞ்சுகள் இல்லை. அவை தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டன என்று ஐயுற்றுத் தம் மலத்தையே சோதித்து வந்தார். சில வாரங்கட்குப்பின் அதிற் கொக்கிப்புழுவின் முட்டைகள் தோன்றின. தோலினின்று குருதிக்கும், குருதியினின்று நுரையீரலுக்கும், ஆங்கிருந்து மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கும் ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைதல் அதன் பயணம். ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள அப்புழு குடற்சுவரைக் கவ்விக்கொண்டு சில ஆண்டுகள் வாழும். பெண்புழு நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டையிடும்.

ஈண்டு மாணவர்கள் ஊன்றி அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இம்முட்டைகள் உடலினுள்ளே பொரிப்பதில்லை. மலத்தோடு வெளிப்போந்து மண்ணிலேயே பொரிக்கும். ஆதலின் ஒருவன் குடலில் நூறு புழு இருப்பின், நூறு குஞ்சுகளேனும் தனித்தனியே அவன் தோலைத் துளைத்து நுழைந்திருத்தல் வேண்டும். காலராக் கிருமியைப்போல் ஒன்று ஆயிரமாய் உள்ளே பெருகுவதன்று இது. இஃது எவ்வளவு சிறிய செய்தியாகத் தோன்றினும், உடல் புழுவோடு உடன்படிக்கை செய்துகொள்வதற்கு இதுவே வேர். பெருகாத பகைவனை உடனே கொன்றாக வேண்டும் என்னும் நெருக்கடி உடலுக்கு இல்லை.

வரியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். தென்னாட்டில் மிகுதியாகக் காணப்படும் நெக்கேட்டர் என்னும் இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 முதல் 0.05 மில்லிலிட்டர் வரை குருதியைப் போக்குகின்றது. நூறு புழுவெனின் 3 முதல் 5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி அளவே. யார் கவலைப்படப் போகின்றார்? ஆயினும் ஓராண்டில் அஃது ஒரு லிட்டருக்கு மேற்பட்டு விடுகின்றது. குருதியோடு போகும் இரும்புச்சத்தில் ஒரு பகுதியைக் குடல் மீட்டுக்கொள்ளினும், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் இரும்பே உணவினின்று பெறும் ஒரு பெண்ணுக்கு, மாதவிலக்கும் மகப்பேறும் வேறு இருக்க, இவ்விழப்பைத் தாங்க வழியேது? களைவெட்டப் போன இடத்தில் அவள் வரப்பின்மேற் சற்று உட்கார்ந்தால் சோம்பேறி என்பர். அவளது நகமும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருப்பதைப் பார்ப்பார் இலர்.

இனிக் காவலர் செய்யும் தொழிலுக்கு வருவோம். சாதாரணக் கிருமியாயின் வெள்ளணுக்கள் அதனைச் சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிடும். புழுவோ அவ்வெள்ளணுவினும் பன்னூறு மடங்கு பெரியது. அதனை விழுங்கும் வாய் எங்கும் இல்லை. ஆதலின் உடல் வேறொரு போர்முறையை வகுத்துள்ளது. குடலின் உட்சுவரிலே குஞ்சம் போன்ற மயிர்முனைகளையுடைய சில உயிரணுக்கள் ஆங்காங்கு நிற்கின்றன. அவை எதற்காக உள்ளன என்பது நெடுங்காலம் விளங்காதிருந்து, அவையே புழுவின் வரவை மோப்பமறிந்து முதற்செய்தி அனுப்பும் ஒற்றர்கள் என்பது 2016 ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. அவை விடும் தூதுப்பொருள் அருகிலுள்ள ஒருவகை வெள்ளணுக்களை எழுப்பும். அவை வேறு தூதுப்பொருள்களைச் சுரக்கும். அவற்றால் குடலிற் சளிநீர் மிகும். உட்சுவரின் உயிரணுக்கள் விரைந்து கழன்று புதியன தோன்றும். குடலின் தசை வன்மையாகச் சுருங்கி விரியும். சுருங்கச் சொன்னால், கொல்ல முடியாதவனை வழுக்கியும் தள்ளியும் வாயிலுக்கு வெளியே விடுவதே நோக்கம். வீட்டினுட் புகுந்த எருமையை அடித்துக் கொல்லுவாரில்லை. தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் ஓட்டுவர். அதனை ஒத்தது இது.

அப்போர்முறையிற் பங்குகொள்ளும் வீரர் இருவரை நேயர்கட்கு அறிமுகம் செய்தல் வேண்டும். ஒருவர் ஈசினோபில் என்னும் வெள்ளணு. 1879 ஆம் ஆண்டிற் பவுல் எர்லிக் என்பார் ஈசின் என்னும் செஞ்சாயத்தை இட்டுப் பார்த்தபோது இவ்வணுவினுள் இருந்த மணிகள் வைகறை வானம்போற் சிவந்து தோன்றின. ஈசின் என்னும் பெயரே கிரேக்கரின் வைகறைத் தெய்வத்தினின்று வந்தது. அத்தெய்வத்தின் பெயரும் வேதத்து உஷையின் பெயரும் ஒரே சொல்லின் கிளைகள் என்பது மொழிநூலார் துணிபு. அம்மணிகளில் உள்ளது புழுவின் தோலைப் புண்படுத்தும் நஞ்சு. மற்றொருவர் இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருள். ஜப்பானியரான இஷிசாகா தம்பதியர் 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதனைக் கண்டறிந்தனர். தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் உள்ள சில அணுக்களின்மேல் இது பொறிபோல் ஏறி அமர்ந்திருக்கும். புழுவின் பொருள் பட்டவுடனே பொறி வெடித்து ஊறலும் தடிப்பும் இருமலும் உண்டாகும். தோட்டத்தில் வேலை செய்தவர்க்குக் கால்விரலிடுக்கில் கொப்புளமும் ஊறலும் காணின் அதனையும் சேற்றுப்புண் என்றே கருதி மஞ்சளைப் பூசுவர். அவற்றுட் சில, நுழையும் புழுவை நோக்கி உடல் எழுப்பிய கூக்குரலாக இருத்தல் கூடும். பூந்தாதும் புழுதியும் பட்டுத் தும்முகின்றவனை வருத்துவதும் இதே பொறிதான். புழுவுக்கென வார்த்த துப்பாக்கி புழுவில்லாத வீட்டில் வீணே வெடிக்கின்றது என்பாரும் உளர். அதைப்பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

இத்துணைப் படைக்கலம் இருந்தும் கொக்கிப்புழு ஆண்டுக்கணக்காக வாழ்வது எங்ஙனம்? அது தன் உமிழ்நீரிலே குருதி உறையாதபடி தடுக்கும் பொருளையும், வெள்ளணுக்களின் வேகத்தைத் தணிக்கும் பொருளையும் கலந்து விடுகின்றது. அதனினும் வியப்பு, உடலில் இயல்பாகவே அமைந்துள்ள அமைதிகாவலரை அது தன் பக்கம் சேர்த்துக்கொள்வது. நம் எதிர்ப்புப் படை நம் உறுப்புகளையே தாக்காதபடி அடக்கி நிற்கும் வெள்ளணு வகையொன்று உண்டு. 1995 ஆம் ஆண்டில் ஜப்பானியர் சகாகுச்சி அதனை வெளிப்படுத்தினார். அத்துறை ஆராய்ச்சிக்காக அவருக்கும் அமெரிக்கரான பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய இருவர்க்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நெடுநாட் புழுவுடையாரிடம் இவ்வமைதிகாவலரின் செல்வாக்கு ஓங்கி நிற்கின்றது. எலியின் குடலில் வாழும் ஒரு புழுவோ அக்காவலரை உண்டாக்கும் தூதுப்பொருளைப் போலவே செயற்படும் ஒரு போலிப் பொருளைத் தானே சுரந்து விடுகின்றது. அரசனின் முத்திரையைப் போலியாகச் செய்து கொண்டு அரண்மனைக்குள் ஆணையிடுபவனை என்னென்பது!

உடன்படிக்கையில் உடலுக்கும் ஆதாயம் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. அதனை மெய்ப்பிக்கும் வரலாறு நம் தென்னாட்டிலேயே நிகழ்ந்தது; நம்மவர் பலர் அதனை அறியார்.

மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் என்னும் இடத்திலே திருச்சபைகள் கூடி நடத்திய காசநோய் மருத்துவமனைக்குத் தலைவராயிருந்தவர் டென்மார்க்கு நாட்டுப் பிரிமொட்-மொல்லர். அங்கு வந்தோருள் சிலர் இரவிலே விடாது இருமி, மூச்சிரைத்து, மெலிந்து வந்தனர். ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரல் முழுதும் புள்ளிகள். காசநோய் என்றே எவரும் சொல்லுவர். ஆயின் சளியிற் காசக்கிருமி இல்லை. குருதியில் ஈசினோபில் அணுக்களோ அளவிறந்து மிக்கிருந்தன. 1940 ஆம் ஆண்டில் அவரும் பார்ட்டன் என்பாரும் இதனைக் காசம்போல் தோன்றும் வேறொரு நோய் என எழுதி வெளியிட்டனர். மூன்றாண்டிற்குப்பின் வைங்கார்ட்டன் என்பார் இதற்கு வெப்பநாட்டு ஈசினோபில் நோய் என்று பெயரிட்டார். காரணம் மட்டும் புலப்படவில்லை. சிங்கப்பூரிற் பணிசெய்த தனராஜ் என்னும் மருத்துவர், யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில்கார்பமசீன் என்னும் மருந்தால் இந்நோய் தீர்வதை 1958 ஆம் ஆண்டிற் காட்டினார். யானைக்கால் புழுவின் மருந்து இதனைத் தீர்க்குமாயின் இதுவும் அப்புழுவின் வேலையோ? எனின், நோயாளியின் குருதியில் அப்புழுக்குஞ்சு ஒன்றேனும் காணப்படாதது ஏன்? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவர் 1960 ஆம் ஆண்டில் விடை தந்தனர். குஞ்சுகள் குருதியில் இல்லை. நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கட்டிகளிலும் ஈசினோபில் அணுக்களாற் சூழப்பட்டுச் சிதைந்து கிடந்தன.

இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொசு கடித்து ஒரே புழு மூவர் உடலிற் புகுகின்றது. ஒருவன் குருதியில் இரவுதோறும் கோடிக்கணக்கான குஞ்சுகள் உலவ, அவன் யாதொரு துன்பமும் அறியாது உழுது உண்டு வாழ்கின்றான். மற்றொருவனுக்கு நிணநீர்க் குழல்கள் கெட்டுக் கால் பருக்கின்றது. மூன்றாமவன் உடலோ உடன்படிக்கையை ஏற்க மறுத்துக் குஞ்சுகளை ஒன்றுவிடாமல் கொன்று தீர்க்கின்றது. தீர்த்த வெற்றியிலே அவன் நுரையீரல் அழிகின்றது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தாரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அத்தகைய நோயாளியரின் நுரையீரலைக் கழுவியெடுத்த நீரிலுள்ள அணுக்களில் ஏறத்தாழப் பாதி ஈசினோபில்களாகவே இருந்தன. நலமாக உள்ள மனிதனிடம் அவை அங்கே இல்லையென்றே சொல்லத்தகும். ஆகவே, அமைதிகாவலர் புழுவுக்கு மட்டும் கையாட்கள் அல்லர். நம்மை நம் படையினின்றே காப்போரும் அவர்களே. உடல் அறியாமையால் தோற்றதன்று. வெற்றியின் விலையைக் கணக்கிட்டுத் தோல்வியைத் தேர்ந்தது.

இவ்வுண்மையைக் கைக்கொண்டு அண்மைக் காலத்தில் ஒரு புதிய வாதம் புறப்பட்டுள்ளது. 1989 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டிராக்கன் என்பார், உடன்பிறந்தார் பலருள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தும்மல் நோய் குறைவாக இருத்தலைக் கண்டு, மிகுந்த துப்புரவே ஒவ்வாமைக்குக் காரணமோ என வினவினார். அவ்வினா வளர்ந்து, புழுக்கள் நம் பழைய தோழர்கள், அவர்களைத் துரத்தியதாலேயே ஒவ்வாமையும் குடலழற்சியும் நீரிழிவும் பெருகின என்னுமளவும் வந்துவிட்டது. பன்றிப்புழுவின் முட்டையை மருந்தாகக் குடித்தோரும், கொக்கிப்புழுவைத் தம் கையில் வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டோரும் மேனாட்டில் உண்டு. நம் சென்னையிலும் இதற்கு ஒத்த செய்தி ஒன்று கிடைத்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நீரிழிவில்லாதாருள் யானைக்கால் புழுவின் அடையாளம் 10.4 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. நீரிழிவுடையாரிடமோ ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடே. புழுவுடையாரிடம் உடலைக் கனலச் செய்யும் தூதுப்பொருள்களும் குறைந்திருந்தன.

இஃது ஆராயத்தக்க செய்தியே. எம்மனோர் இதனைக் கேட்டு நகைத்தல் தகாது. ஆயினும் இரண்டு உடன்வாழ்தல் வேறு, ஒன்று மற்றொன்றை விளைத்தல் வேறு. அன்றியும், பன்றிப்புழு முட்டையைக் கொண்டு குடலழற்சியைத் தீர்க்க முயன்ற சோதனைகள் தொடக்கத்தில் நம்பிக்கையூட்டிப் பின் பெரிய அளவிற் செய்தபோது பயன் காட்டவில்லை. புழுவின் உமிழ்நீரிலுள்ள பொருளைப் பிரித்து, அளவறிந்து, மருந்தாக்கும் முயற்சி பழிக்கத்தக்கதன்று. அது வெற்றிபெறின் உலகம் நன்றி பாராட்டும். எமக்கு அச்சம் தருவது வேறு. சென்னையிலோ இலண்டனிலோ வயிறார உண்டு, ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் பதினைந்து இருபது புழுக்களை ஏற்றிக்கொள்பவனுக்குப் பொருந்தும் பேச்சை, எண்ணிக்கையில்லாது புழு ஏறிய, இரும்புச்சத்துக்கு வழியற்ற, தோட்டக்கூலிப் பெண்ணின்மேல் ஏற்றிப் பேசுவதே அவ்வச்சம். அவள் இசைவை யாரும் கேட்கவில்லை. அவளுக்குத் தும்மல் இல்லை என்பது மெய்யாகலாம். அவள் பிள்ளை எடை குறைந்து பிறந்ததும் மெய்யாகலாமே. ஒரு தட்டில் தும்மலையும் மறுதட்டிற் சோகையையும் இட்டு நிறுப்பவன், எத்தட்டில் தான் நிற்கின்றான் என்பதை முதலிற் சொல்லட்டும்.

உடன்படிக்கை எவ்வளவு மெல்லியது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டு என்னும் சிறுபுழுவும் ஈரமண்ணினின்று தோல்வழியே புகுவதே. கொக்கிப்புழுவைப் போலன்றி, இது மட்டும் உடலினுள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக வல்லது. காவலர் விழித்திருக்கும்வரை அது பத்துக்கணக்கான ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாகக் கொடுத்துக் காவலரை உறங்க வைத்தால் அது பெருவெள்ளம்போற் பெருகி நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். ஆதலின் இரவிருமலும் மூச்சிரைப்பும் கொண்டு வரும் நாட்டுப்புறத்தானுக்கு ஆஸ்துமா என்று பெயரிட்டு அம்மருந்தை எழுதுமுன், குருதியில் ஈசினோபில் எத்தனை என எண்ணுதலும் மலத்தைச் சோதித்தலும் மருத்துவரின் கடன். அவ்வெண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டரில் 500க்கு உட்பட்டிருத்தல் இயல்பு; 3,000க்கு மேற்படின் ஆரோக்கியவரத்துக் கதையை நினைத்தல் வேண்டும். இச்சோதனைகளுக்கு ஆகும் செலவு சிறிது. மருத்துவம் பயிலப் புகும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

இனித் தடுப்பூசியை நம்பலாமோ எனின், அதற்கும் இவ்வுடன்படிக்கையே குறுக்கே நிற்கின்றது. கொக்கிப்புழுவின் ஒரு புரதத்தைக் கொண்டு செய்த ஊசியைப் பிரேசில் நாட்டில் முன்பே புழு கண்டிருந்த மக்களுக்கு இட்டபோது, சிலர்க்கு உடலெங்கும் தடிப்பு எழுந்தது. புழுவை நோக்கி ஏற்கெனவே ஏறி அமர்ந்திருந்த பொறி ஊசியைக் கண்டு வெடித்தது, முயற்சி நிறுத்தப்பட்டது. புழுவிருக்கும் ஊரார்க்கே ஊசி வேண்டும். அவ்வூரார்க்கே அஃது ஆகாது! வேறு புரதங்களைக் கொண்டு முயன்று வருகின்றனர். இன்னும் கைக்கு வந்த தடுப்பூசி இல்லை.

ஆயினும் உடலின் உதவியின்றியே ஒரு புழுவை நம் நாடு முற்றிலும் ஒழித்ததுண்டு. நரம்புச் சிலந்தி என்று நம் முன்னோர் அஞ்சிய புழு அது. படிக்கிணற்றில் இறங்கி நீர் முகந்து குடித்தவன் காலில் ஓராண்டிற்குப்பின் கொப்புளித்து முழநீளம் இருமுழநீளம் வெளிவரும். ஆண்டுதோறும் கண்டவனையே மீண்டும் காணும். உடல் அதற்கெதிராக ஒன்றுமே கற்கவில்லை. ஊசியும் இல்லை, கொல்லும் மருந்தும் இல்லை. தமிழ்நாடும் அந்நோயிருந்த மாநிலங்களுள் ஒன்று. படிக்கிணறுகளை மூடியும், குழாய்க்கிணறு தோண்டியும், நீரைத் துணியில் வடிகட்டியுமே அது தொலைக்கப்பட்டது. இறுதி நோயாளி 1996 ஆம் ஆண்டில் இராசபுதனத்து இராஜஸ்தானத்திற் காணப்பட்டான். 2000 ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காவலரைத் திருத்துவதினும் கதவைச் சாத்துதல் எளிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கொக்கிப்புழுவின் கதவு எது? 2015 ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளிற் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒன்று முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகின்றது. மிக நல்ல பணி. நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப்புழு பிள்ளைப் பருவத்தில் மிகுந்து வயது ஏற ஏறக் குறைவதாதலின், பள்ளியிற் கொடுப்பது அதன் தலையிலேயே அடிப்பதாகும். கொக்கிப்புழுவின் வழக்கு வேறு. அது வயதோடு குறைவதில்லை, வளர்ந்தோரிடமே மிகுதி. உடல் எத்தனை ஆண்டு பழகியும் அதனை எதிர்க்கக் கற்பதில்லை என்பதன் வெளிப்படையான குறி இதுவே. வேலூர்க் கல்லூரியார் 2017 முதல் திமிரியிலும் சவ்வாது மலையிலும், பள்ளிப் பிள்ளைகட்கு மட்டுமன்றி ஊரார் அனைவர்க்கும் ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுத்தால் புழுவின் பரவலை அறுக்கலாமோ என்று நடத்திய பேராய்வு, இவ்வெண்ணத்தினின்று பிறந்ததே. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்டிர்க்கும், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக, இம்மாத்திரை இப்போது வழங்கப்படுகின்றது. முப்பதைக் கடந்த களைக்காரிக்கும் அவள் கணவனுக்கும் வழங்காமைக்குக் காரணம் எமக்கு விளங்கவில்லை. பிள்ளை பள்ளியில் மாத்திரை விழுங்கிவிட்டு வந்து, தந்தை கால்கழுவப் போன வாய்க்கால் ஓரத்திலேயே விளையாடுமாயின், அம்மாத்திரையின் பயன் எத்தனை மாதம் நிற்கும்?

செருப்பைப் பற்றி ஒரு சொல். செருப்பணிந்து களையெடு என்று அறிவுரை கூறுவோர், பாய்ச்சல் விட்ட தோட்டத்துள் ஒருநாள் செருப்போடு நடந்து பார்த்தல் நலம். நான்கடி வைப்பதற்குள் மண் அப்பிச் செருப்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் போகும். கையும் மண்ணிலேயே இருக்கின்றது. புழு கைவழியும் புகும். ஆகவே, நோயைக் காலின்மேல் வைத்துப் பேசுவதினும் மலத்தின்மேல் வைத்துப் பேசுதல் நேரிது.

அவ்வகையில் திண்டுக்கல் வட்டாரம் அனுபவமற்றதன்று. சௌந்திரம் அம்மையாரும் இராமச்சந்திரனாரும் 1947 ஆம் ஆண்டில் நிறுவிய காந்திகிராமம், கிராமச் சுகாதாரத்தைத் தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டு வந்துள்ளது. 2019 அக்டோபர் 2 ஆம் நாள் நாட்டின் ஊர்ப்புறங்கள் யாவும் வெளியில் மலங்கழித்தல் அற்றவை என அரசினர் அறிவித்தனர். கட்டடங்கள் எழுந்தன என்பது மெய். அவற்றுட் சில விறகும் உரமூட்டையும் அடுக்கும் அறையாயின என்பதும் ஊரறிந்த மெய். தோட்டத்திலேயே பொழுதைக் கழிக்கும் உழைப்பாளிக்கு, ஒருகல் தொலைவிலுள்ள வீட்டுக் கழிப்பிடம் எவ்வாறு உதவும் என்பதை எவரும் எண்ணவில்லை. பம்புசெட்டுக் கொட்டகை உள்ள தோட்டந்தோறும் அதனருகே ஒரு கழிப்பிடம் வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. தண்ணீர் அங்கேயே உண்டு. வேண்டுவது ஓர் உறையும் ஒரு பீங்கானும்.

இரட்டைக்குழி உள்ள வீட்டாரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் அதனை மூடி மறுகுழிக்குத் திருப்பிவிடுவர்; மூடிய குழியில் உள்ளது நாளடைவில் நாற்றமற்ற எருவாகும். அதனைக் காலத்திற்கு முன்னே தோண்டித் தக்காளிப் பாத்தியிற் கொட்டுதல் புழுவைக் கையோடு கொண்டுபோய் விதைப்பதாகும். கொக்கிப்புழுவின் முட்டையும் குஞ்சும் சில மாதங்களில் மடிந்துவிடும். உருண்டைப்புழுவின் முட்டையோ ஓராண்டிற்கு மேலும் பிழைத்திருக்கும் தடித்த ஓடுடையது. இரண்டாண்டு பொறுத்திருந்து எடுப்பதே அச்சமற்றது. குழியை மூடிய மாதத்தையும் ஆண்டையும் கழிப்பிடச் சுவரிலே சுண்ணாம்பால் எழுதிவைத்தல் போதும். எழுதத் தெரியாத வீடாயின், அவ்வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளை எழுதிவிடும்.